ஜில்லாவுக்கு நடந்து போன வீடு

"நாளைக்குப் பொயுது சாயறதுக்குள்ள என் வூடு நடந்து போயி ஜில்லாவுல குந்திக்கும், பாய்! அடுப்பு கூட அணையாது!"

மீன் விற்கும் பவுனம்மாள் இப்படிச் சொன்னதும், ஜில்லா போர்டு குமாஸ்தா அப்துல் வஹாப் சிரித்த சிரிப்பில் ராயபுரம் வரைக்கும் காக்காய்கள் எழும்பிப் பறந்தன.

ஐம்பத்தொன்றாம் வருஷம் அது. திருவொற்றியூர்க் கரையோரக் குப்பத்துப் பவுனம்மாளைச் சர்க்கார் ஜில்லா போர்டு அங்கத்தினராக நியமித்திருந்தது. குடிதண்ணீர்க் குழாய் கேட்க ஒரு வாய் கிடைத்ததென்று குப்பமே கூத்தாடியது. அவள் வாய் பத்து ஊருக்குப் போதும். ஆனால் அங்கத்தினர் பட்டணத்து எல்லைக்கு வெளியே, ஜில்லாவுக்குள் குடியிருக்க வேண்டுமாம். வஹாப் அளக்க வந்தார். மணலில் புதைந்திருந்த எல்லைக்கல் அகப்பட்டது. குப்பமெல்லாம் ஜில்லாவில் இருக்க, அவள் குடிசை மட்டும் கல்லுக்குத் தெற்கே, பட்டணத்துப் பக்கம், முப்பதடியில் நின்றது.

"நாளைக்கு ரிப்போர்ட்டு அனுப்பணும். பட்டணத்து ஆளுன்னுதான் எயுதுவேன். பதவி பூடும்."

"கொயாவும் பூடும். எங்க பொண்ணுங்க இன்னும் எத்தினி வருசம் ஒரு மைல் நடந்து தண்ணி எடுக்கறது?"

"அதுக்கு நான் இன்னா பண்றது? வூட்டுக்குக் கால் முளைக்குமா?"

அதற்குத்தான் பவுனம்மாள் அந்தச் சவாலை விட்டாள். கடல் கரையை அரித்தால் குப்பத்தார் குடிசையைப் பிரிக்க மாட்டார்கள். கீற்றும் மூங்கிலும்தானே! குறுக்கே துடுப்புகளைக் கட்டி, அப்படியே தோளில் ஏற்றி மேட்டுக்குப் போய்விடுவார்கள். கடலுக்குப் பயந்து செய்வதைச் சட்டத்துக்குப் பயந்து செய்யக் கூடாதா?

மறுநாள் வஹாப் வந்தபோது குடிசைக்கு நானூறு கால் முளைத்திருந்தது. முன்னால் குப்பத்து மாரியப்பன் குரல் கொடுக்க, வீடு ஆடி அசைந்து வடக்கே நடந்தது. உள்ளே கரியடுப்பைச் சாக்கால் பிடித்தபடி பவுனம்மாளும் நடந்தாள். கூரை வழியாகப் புகை; அதோடு வஞ்சிர மீன் குழம்பு வாசனை.

எல்லைக்கல்லருகே மூச்சு வாங்கி, இறக்கி வைத்துவிட்டார்கள்.

"யோவ் மாரியப்பா!" வஹாப் குடையை வீசிவிட்டு ஓடினார். "பாதி வூடு இன்னும் பட்டணத்துல கீது! தூக்குய்யா! இன்னும் எட்டடி!" சொன்னதோடு நிற்கவில்லை, பின்மூங்கிலுக்குத் தோள் கொடுத்தார்.

வீடு கல்லைத் தாண்டி உட்கார்ந்தது. பவுனம்மாள் கரண்டியோடு எட்டிப் பார்த்தாள்.

"இன்னா பாய், வூடு நடந்துச்சா?"

வஹாப் சட்டையில் ஒட்டிய மணலைத் தட்டினார். பேனாவைத் திறந்து, 'ஜில்லாவுக்குள் குடியிருக்கிறார்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

"நடந்துச்சும்மா. என் தோளைக் கேளு, அது சொல்லும்."