கெஸ்லர் மேயர் ஆகாமப் போனது

எண்பத்தாறாம் ஆண்டு ஒக்டோபரில லோதர் கெஸ்லர் எண்ட ஜேர்மன்காரர் ஏழே ஏழு வோட்டில மேயர் பதவியைக் கோட்டை விட்டவர். ஏழு! ஒரு வானுக்குள்ள அடையிற சனம். அந்த ஏழும் எங்க போச்சுதெண்டு அவரிட்டையே வேலை செய்த புஷ்பவதிக்கு நல்லாத் தெரியும்.

கெஸ்லர் ஆரெண்டு முதல்ல சொல்லிப்போடுறன். ஐம்பத்திரண்டில, இருபது வயசில நியூசிலாந்தில ஆக்லாந்துக்குக் கப்பலில வந்திறங்கினவர். வந்த புதுசில இறைச்சித் தொழிற்சாலையில ஆட்டுத்தோல் உரிச்சவர். ரெண்டாம் உலகச் சண்டை முடியேக்க ஆளுக்குப் பதின்மூண்டு வயசுதான். ஆனா வாயைத் திறந்தா ஜேர்மன் வாடை அடிக்கும், சண்டைக்குப் போய்வந்த வெள்ளைக்காரர் அந்தப் பக்கம் திரும்பி நிப்பினமாம். மனுசன் விடேல்லை. ஒரு சேமிப்பு பாங்கில கடிதம் கொண்டு ஓடுற வேலைக்குப் புகுந்து, கவுண்டருக்கு ஏறி, கடைசியில அந்தக் கிளைக்கே மனேச்சர். பாபடோயிட்டோய்க்குக் கிட்ட ஒரு சின்ன நகரசபை, அதில கவுன்சிலர். ஆரும் தொட விரும்பாத மழைத்தண்ணி ஓடுற காண் வெட்டுற வேலையைத் தான் எடுத்து, கோட்டும் ரையுமா சேத்துக்குள்ள இறங்கி நிப்பாராம். பிறகு கடதாசியளை உறுதிப்படுத்திச் சீல் குத்துற ஜே.பி., எண்டா சமாதான நீதவான், பிறகு டெப்டி மேயர். மிச்சம் ஒரேயொரு படி.

புஷ்பவதி எண்பத்திநாலில புருசன் ஜெயரட்ணத்தோட வந்தவள். கொழும்பில பாங்கில வேலை பாத்தவள்தான், ஆனா சேட்டிபிக்கேட் எல்லாம் எண்பத்திமூண்டு ஆடிக் கலவரத்தில வெள்ளவத்தை வீட்டோட எரிஞ்சு போச்சுது. ஆறு இடத்தில திருப்பி அனுப்பினவை. கெஸ்லர் மட்டும் கேட்டாராம், "கடதாசி எரிஞ்சா மூளையும் எரிஞ்சதோ? திங்கக்கிழமை வா." அவ்வளவுதான் இன்ரவியூ.

அதோட நிக்கேல்லை. அங்க இருந்த எங்கட பன்னிரண்டு தமிழ்க் குடும்பத்துக்கும் வெள்ளிக்கிழமை பூசைக்கு நகரசபை மண்டபத்தின்ர கதவுத் திறப்பை வாங்கிக் குடுத்ததும் அவர்தான். கற்பூரப் புகைக்குப் பக்கத்து வீட்டுக்காரி முறைப்பாடு எழுத, நேர போய் அவளோட தேத்தண்ணி குடிச்சுச் சமாளிச்சவர்.

ஓகஸ்ட் மாதம் ஒருநாள் ஒரு கட்டு ஃபோமைக் கொண்டுவந்து புஷ்பவதியின்ர மேசையில வைச்சார்.

"சிற்றிசன் ஆகவேணுமெண்டில்லை. நிரந்தரமா ஒரு வருசம் இருந்தாக் காணும், வோட்டுப் போடலாம். பேரைப் பதிஞ்சா வோட்டுச் சீட்டு வீட்டுக்கே தபாலில வரும். உங்கட ஆக்கள் இருபத்திமூண்டு பேர், கணக்குப் பாத்தனான்." மனுசனுக்குக் காது ரெண்டும் சிவந்து போச்சு. "எனக்குத்தான் போடவேணும் எண்டு சொல்லேல்லை."

வெள்ளிக்கிழமை பூசை முடிஞ்சு எல்லாரும் கடலை சாப்பிட்டுக்கொண்டிருக்க, புஷ்பவதி ஃபோமைக் குடுத்தாள். தவராசா மூக்குக்கண்ணாடியைப் போட்டுப் புரட்டிப் பாத்தார்.

"பேரும் விலாசமும் எழுதினா, அந்த லிஸ்ட்டை எங்க வைப்பினம்?"

"லைபிறறியில அண்ணை. போஸ்ட் ஒபிசிலயும். ஆரும் பாக்கலாமாம்."

"ஆரும் பாக்கலாமோ?" சோதிலிங்கம் கதிரையை விட்டு எழும்பியிட்டார். "உனக்கென்ன விசரே? கொழும்பில என்ர அண்ணன்ர வாசலுக்கு அந்தக் காடையங்கள் கையில என்னத்தை வைச்சுக்கொண்டு வந்தவங்கள்? தேவாரப் புத்தகமோ? வோட்டர் இடாப்பு, இதே பேர் லிஸ்ட்! வீட்டு நம்பரைப் பாத்துப் பாத்து வந்தவங்கள்."

"இது நியூசிலாந்து அண்ணை."

"ஆடி இருபத்திமூண்டு மட்டும் கொழும்பும் கொழும்பாத்தான் இருந்தது."

தவராசாவின்ர மனுசி ரதிதேவி கடலைச் சட்டியோட வந்தவள், நிண்டு ஒரு போடு போட்டாள். "அதிலயும் லிஸ்ட் கேக்கிறது ஆர்? ஜேர்மன்காரன்! அவங்களுக்கு லிஸ்ட் எழுதப் பழக்கித் தரவே வேணும்?"

மண்டபமே கொல்லெண்டு சிரிச்சது. புஷ்பவதியும் சிரிச்சாள். வாய்க்குள்ள கடலை கிடக்க, கையால பொத்திக்கொண்டு நல்லாச் சிரிச்சாள்.

வீட்ட வந்து தன்ர ஃபோமை மட்டும் நிரப்பினாள். நாலு தெரு நடந்து தபால்பெட்டி வரைக்கும் போனாள். பெட்டியின்ர வாய்க்குள்ள கையை விட்டும் விட்டாள். தன்ர வீட்டு நம்பரைத் தானே எழுதிக் குடுக்கிறம் எண்டு நினைச்ச உடனே விரல் கடதாசியை விடேல்லை. இழுத்துக் கைப்பைக்குள்ள வைச்சுக்கொண்டு திரும்பியிட்டாள்.

திங்கக்கிழமை கெஸ்லர் கேட்டார். "ஃபோம் போட்டாச்சோ?"

"ஓம் சேர். எல்லாரும்."

உதவி செய்த ஆளின்ர முகத்துக்கு நேர இல்லையெண்டு சொல்ல எங்கட சனத்துக்கு வாய் வராது பாருங்கோ. முன்னால ஓம் எண்டுவம், பின்னால செய்யாம விடுவம். எங்களுக்குள்ள அது விளங்கும், ஓமெண்டு சொல்லுற விதத்திலயே பிடிச்சுப்போடுவம். கெஸ்லருக்கு ஓமெண்டா ஓம்தான். இருபத்திமூண்டு வோட்டையும் கணக்கில எழுதி வைச்சுக்கொண்டு, எங்கட தெருப்பக்கம் வாறதை விட்டிட்டு வேற தெருக்களில கதவு தட்டினார்.

எதிர்த்து நிண்டது வீடு விக்கிற ஏஜென்ட் ஒருத்தன். பழைய பட்டாளக்காரரின்ர கிளப்பில பியர் வாங்கிக் குடுத்து, "மேயர் சங்கிலியை ஜேர்மன்காரன்ர கழுத்திலயோ போடப்போறியள்?" எண்டு குசுகுசுத்தவன். இத்தினை வருசம் காண் வெட்டினதெல்லாம் அந்தப் பியரோட போச்சுது.

தோத்த கையோட கெஸ்லர் செய்த வேலையைக் கேளுங்கோ. பன்னிரண்டு நன்றிக் காட் வாங்கினார், எங்கட ஆக்களுக்குத்தான். விலாசம் வேணுமெண்டு லைபிறறிக்குப் போய் வோட்டர் இடாப்பை விரிச்சார்.

அடுத்த நாள் புஷ்பவதியை அறைக்குள்ள கூப்பிட்டார். மேசையில பன்னிரண்டு வெறும் கவர்.

"தவராசாவைத் தேடினன், இல்லை. சோதிலிங்கம் இல்லை. கடைசியா உன்னைத் தேடினன்."

அவள் நிண்டபடியே எல்லாத்தையும் கொட்டினாள். வெள்ளவத்தை, இடாப்பு, தபால்பெட்டி. மூக்கால வழியுது, துடைக்கக் கைலேஞ்சி இல்லை. கெஸ்லர் கடைசி வரைக்கும் கேட்டார்.

"இதை ஓகஸ்டில சொல்லியிருக்கலாமே. எனக்கு விளங்காதெண்டோ நினைச்சாய்? எங்கட தெருவில யூதச் சனத்தின்ர வீடு நாலு. பேரைப் பாத்துப் பாத்துத்தான் வந்தவங்கள். எனக்குப் பத்து வயசு, ஜன்னலுக்குப் பின்னால நிண்டனான்." பிறகு கேட்டார், "நான் ஜேர்மன்காரன் எண்டதாலயோ?"

புஷ்பவதிக்குச் சட்டெண்டு மண்டபத்தில தான் சிரிச்ச அந்தச் சிரிப்பு ஞாபகம் வந்தது.

"சீச்சீ! இல்லை சேர்."

அவர் அவளின்ர முகத்தைப் பாத்துக்கொண்டேயிருந்தார். "ஓகஸ்டில ஓம் எண்டு சொல்லேக்கயும் முகம் இப்பிடித்தான் இருந்தது," எண்டார். பிறகு கவருகளை அடுக்கி மேசை லாச்சிக்குள்ள போட்டார்.

தை மாதம் புது மேயரிட்டையிருந்து காகிதம். மண்டபம் வேணுமெண்டா திரும்ப விண்ணப்பிக்கட்டாம். வளந்த ஆக்கள் அத்தினை பேரின்ர பேர், விலாசம், கையெழுத்து வேணும், அந்த லிஸ்ட் மண்டப வாசலில தொங்கும், ஒரு ஜே.பி. உறுதிப்படுத்தவும் வேணும்.

அந்த வெள்ளிக்கிழமை ஒருத்தரும் வெள்ளவத்தையைப் பற்றிக் கதைக்கேல்லை. முதல் பேனை எடுத்ததே சோதிலிங்கம்தான். "பின்னே, பூசையை றோட்டிலயே வைக்கிறது?" எண்டு சொல்லி, வீட்டு நம்பரைப் பெரிசா எழுதினார். பத்து நிமிசத்தில இருபத்திமூண்டு பேரும் முடிஞ்சுது.

"ஜே.பி.க்கு எங்க போறது?" எண்டாள் புஷ்பவதி.

"உன்ர ஆளிட்டையே குடு பிள்ளை," எண்டாள் ரதிதேவி. "தங்கமான மனுசன், மாட்டனெண்டு சொல்லார்."

அவர் மாட்டனெண்டு சொல்லேல்லைத்தான். கண்ணாடியைப் போட்டு, மேலயிருந்து கீழ ஒவ்வொரு பேருக்கும் விரலை வைச்சு வைச்சு வாசிச்சார். புஷ்பவதி கதவுப் பிடியைப் பிடிச்சுக்கொண்டு நிண்டாள். கையெழுத்தைப் போட்டு, சீலைக் குத்தி, கடதாசியை அவளின்ர பக்கம் தள்ளினார்.

"வடிவா எழுதியிருக்கினம், மிஸஸ் ஜெயரட்ணம். ஒருத்தரும் விலாசத்தில பிழை விடேல்லை."