வண்டியின் வயிற்றில் மாட்டிய குழாய்

முழங்கை வரை நீல உறை மாட்டிக்கொண்டு சுகந்தி குனிந்து நிற்கிறாள், யானைத் தும்பிக்கை மாதிரித் தடித்த ஒரு பழுப்புக் குழாயை வீட்டு வண்டியின் வயிற்றில் பொருத்தித் திருகுகிறாள், நான் வண்டிக்குள் ஜன்னல் திரையை விரலகலம் விலக்கிப் பார்த்துக்கொண்டிருக்கிறேன், என் மருமகள், என் மகன் நவநீதனின் மனைவி, நான் இரண்டு நாளாகப் போனதை இறக்கிக் கழுவ நிற்கிறாள், எனக்குப் பின்னால் வரிசையில் இன்னும் இரண்டு வீட்டு வண்டிகள், ஒன்றிலிருந்து தலை நரைத்த வெள்ளைக்காரர் ஒருவர் இறங்கித் தன் குழாயைத் தோளில் போட்டுக்கொண்டு, கோயிலுக்கு வந்தவர்போல அவ்வளவு சாதாரணமாக, அவளைப் பார்த்துக் கையாட்டுகிறார், அவளும் ஆட்டுகிறாள், யாருக்கும் கூச்சமில்லை, எனக்குத்தான் காது மடல் எரிகிறது. ஆற்றுச் சத்தம் இங்கேயும் கேட்கிறது. காட்டுக்கு வந்த அன்று இரவு அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு படுத்திருந்தபோது இது பவானி என்றே நினைத்தேன், கோபியில் எங்கள் தோட்டத்து வீட்டில் படுத்திருக்கிறேன், என் மனைவி சரஸ்வதி அடுக்களையில் பாத்திரம் கழுவுகிறாள், அவள் போய் ஒரு வருஷம் ஆகிவிட்டது என்பது கண் விழித்தபிறகுதான் ஞாபகம் வந்தது, மேலே ஓக் மரக்கிளை வண்டியின் கூரையை உரசிக்கொண்டிருந்தது.

சரஸ்வதி இருந்திருந்தால் நான் மகனைத் தேடி இந்த வெளிநாட்டுக்கு வந்திருக்கவே மாட்டேன், அதையும் சொல்லிவிடுகிறேன், வீம்பு என்னுடையது, தனியாக ஒரு ஆளுக்கு உலை வைத்துச் சாப்பிட்டுப் பார்த்ததில் வீம்பு கரைந்துபோயிற்று. அப்பா, வந்து மூணு மாசம் இருந்து பாருங்க, புடிச்சுதுன்னா இங்கியே இருந்துருங்க என்று நவநீதன் போனில் சொன்னான், பின்னால் சுகந்தியின் குரல், வரச் சொல்லுங்க, ரூமெல்லாம் ரெடியா இருக்குதுன்னு சொல்லுங்க என்றது, கல்யாணமாகி ஏழு வருஷத்தில் அந்தக் குரலை அன்றுதான் முதலில் கேட்டேன். இனி என் மிச்ச நாள் இவர்களோடு கழியுமா, பூட்டிய தோட்டத்து வீட்டுக்கே திரும்பிப் போகிறதா என்பது அந்தக் குரலுக்குரியவள் கையில் இருக்கிறது என்று எனக்குத் தெரியும், விமானத்தில் ஏறும்போதே தெரியும், அதனால் வந்த நாளிலிருந்து வார்த்தையை அளந்து அளந்து பேசினேன், அவள் வைத்த ரசத்தை இரண்டாம் முறை கேட்டு வாங்கினேன், அவள் கையால் சாப்பிடுகிறோம் என்று உள்ளே ஏதோ ஒன்று கணக்குப் பார்த்துக்கொண்டே இருந்தது, அதை அடக்கி உட்கார வைத்துவிட்டுச் சாப்பிட்டேன், நல்ல ரசம், சரஸ்வதி ரசத்தைவிட நல்ல ரசம்.

இந்தக் காட்டுக்கு வரலாம் என்று சொன்னதும் அவள்தான், மாமா ஆத்தங்கரைல இருந்தவரு, அவருக்குப் புடிக்கும் என்று சொல்லி இந்த வண்டியை வாடகைக்கு எடுத்தாள், அடுப்பு, கட்டில், கக்கூசு எல்லாம் உள்ளேயே, கக்கூசுக்குள் போய்ப் பார்த்தால் தண்ணீர் ஊற்ற ஒரு ரோஸ் நிற மக்கு புதிதாக இருக்கிறது, விலைச்சீட்டுகூடக் கிழிக்கவில்லை, எனக்காக அவள் தேடிப்பிடித்து வாங்கி வைத்தது. அடியில இருக்கற கழிவுத் தொட்டி சின்னதுங்கப்பா, தண்ணி கொஞ்சமா ஊத்துங்க என்று நவநீதன் சொல்லத்தான் செய்தான், நானும் சரி என்றேன், ஆனால் கொஞ்சமாக ஊற்றினால் எனக்குச் சுத்தமானதாகவே தோன்றாது, மக்கு மக்காக ஊற்றினேன், காலுக்கு ஊற்றினேன், தரைக்கு ஊற்றினேன், கதவுக்கு வெளியே சத்தம் கேட்கக்கூடாதென்று மெதுவாக ஊற்றினேன். மூன்றாம் நாள் காலையில் தோசைக்கு மாவு கரைத்துக்கொண்டிருந்தவள் நிமிர்ந்து பார்க்கிறாள், சுவரில் சிவப்பு விளக்கு, தொட்டி நிறைந்துவிட்டது, ஊருக்குத் திரும்பும்வரை தாங்க வேண்டிய தொட்டி. நவநீதனோ முந்தின சாயங்காலம் ஆற்றுப் பாறையில் வழுக்கி விழுந்து, கணுக்கால் வீங்கி, மடக்கு நாற்காலியில் காலைத் தூக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான். கேட்டுப் பக்கத்துல இறக்கற எடம் இருக்குது, நான் போய் இறக்கிட்டு வந்துர்றேன் என்று அவள் சொன்னாள், அப்போதுதான் நான் வாயைத் திறந்தேன், அளந்து வைத்திருந்ததெல்லாம் எங்கே போனதோ, நீ எதுக்கு சாமி போற, அதுக்குன்னு ஆளுங்க இருப்பாங்கல்ல, கூப்ட்டா வரமாட்டாங்களா என்றேன்.

நல்லதாகத்தான் சொன்னேன், அவள் கைபடக்கூடாது என்றுதான் சொன்னேன், சொல்லி முடித்தபோது நவநீதன் தலையைக் குனிந்துகொண்டான், மாவுக் கரண்டி அவள் கையில் அப்படியே நின்றது. அவள் அப்பா ஈரோட்டில் நகராட்சித் துப்புரவுப் பணியாளர், சாக்கடையில் இறங்கியவர், அது தெரிந்துதான் நான் கல்யாணத்துக்குப் போகவில்லை, அது தெரிந்துதான் ஏழு வருஷம் அவளோடு பேசவில்லை, அதைத் தெரிந்து வைத்துக்கொண்டே அவள் முன்னால் அதுக்குன்னு ஆளுங்க என்கிறேன். அவள் கரண்டியைக் கீழே வைத்தாள், கோபமே இல்லை, கோபப்பட்டிருந்தால் நான் பிழைத்திருப்பேன், இங்க அதுக்குன்னு ஆளுங்க இல்லீங்க மாமா, அவங்கவங்களுத அவங்கவங்கதான் பாத்துக்கோணும் என்றாள், வண்டிச் சாவியை எடுத்தாள். மகன் முகத்தைப் பார்த்துக்கொண்டு அங்கே உட்கார முடியாமல், நானும் வர்றேன் என்று ஏறிக்கொண்டேன், வழியெல்லாம் மரங்கள், அவள் அவ்வளவு பெரிய வண்டியை மாட்டுவண்டி மாதிரி நிதானமாக ஓட்டினாள். தோட்டத்து வீட்டில் கக்கூசுக் குழி அள்ள வருஷத்துக்கு ஒருமுறை ஆட்கள் வருவார்கள், பின்பக்கச் சந்து வழியாக வந்து அந்த வழியாகவே போவார்கள், அவர்கள் போகும்வரை நான் முன்வாசலில் பேப்பரை விரித்துப் பிடித்திருப்பேன், சரஸ்வதி வீடெல்லாம் சாம்பிராணி போடுவாள், ஒருவர் முகமும் எனக்குத் தெரியாது, முதுகுதான் தெரியும், குழிக்குள் குனிந்த முதுகு, இப்போது ஜன்னல் வழியாகப் பார்க்கிறேன், அதே முதுகு, நீலச் சட்டையும் குதிரைவால் முடியுமாக என் மருமகளின் முதுகு, அது திரும்பினால் யார் முகம் இருக்குமோ என்று ஒரு கணம் பயந்தேன், கனவில் பயப்படுவதுபோல.

திரையை விட்டுவிட்டு இறங்கினேன். உள்ளயே இருங்க மாமா, வாசமடிக்கும் என்றாள், இல்ல சாமி, நான் என்ன பண்ணோணும் சொல்லு என்றேன், ஒரு நிமிஷம் யோசித்துவிட்டு இன்னொரு ஜோடி உறையைக் கொடுத்தாள், தரையில் இருந்த துவாரத்துக்குள் குழாயின் மறுமுனையை விட்டு, இத இப்படி அமுக்கிப் புடிச்சுக்குங்க, துள்ளும், பாத்துங்க என்றாள். அமுக்கிப் பிடித்தேன், அவள் நெம்புகோலை இழுத்தாள், குழாய்க்குள் உயிர் வந்ததுபோல ஒரு துள்ளல், என் பிடி போதவில்லை, முனை எகிறி என் மணிக்கட்டிலும் பேண்டிலும் தெறித்தது, அவள் நெம்புகோலைத் தள்ளி அடைத்துவிட்டுத் துண்டை எடுத்துக்கொண்டு ஓடி வந்தாள், நான் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு பின்வாங்கினேன். அவள் அப்படியே நின்றுவிட்டாள். துண்டு நீட்டிய கை நீட்டியபடி, முகத்தில் காலையில் பார்த்த அதே அமைதி, அப்போதுதான் அவள் என்ன நினைத்துவிட்டாள் என்று எனக்கு விளங்கிற்று, மலம் பட்ட கையோடு நின்றுகொண்டுகூட இந்தக் கிழவன் அவள் கை தன்மேல் படக்கூடாதென்று ஒதுங்குகிறான் என்று நினைக்கிறாள், நினைக்காமல் எப்படி இருப்பாள், வேறு எதை நினைக்கும்படி நான் ஏழு வருஷம் வாழ்ந்தேன். ஐயோ, அப்படி இல்ல சாமி என்றேன், உன்மேல ஆயிரும்னுதான், கிட்ட வராத கண்ணு, நானே கழுவிட்டு வர்றேன்.

அவள் என்னையே பார்த்தாள், கண் நிறைந்துவிட்டது, சிரிக்கவும் செய்தாள். எங்கப்பாவும் இதையேதானுங்க மாமா சொல்லுவாரு, வேலை முடிஞ்சு வந்தா வீட்டுக்குள்ள வரமாட்டாரு, கிட்ட வராத கண்ணு, கழுவிட்டு வர்றேம்பாரு, நான் கேக்கவே மாட்டேன், ஓடிப்போய்க் காலக் கட்டிக்குவேன் என்றாள், சொல்லிக்கொண்டே என் முழங்கையைப் பிடித்து, சின்னப்பிள்ளையை இழுத்துப் போவதுபோலக் குழாயடிக்கு இழுத்துப் போனாள், உறையைக் கழற்றினாள், தண்ணீரைத் திறந்தாள். நாலு வருஷத்துக்கு முன்னால் ஒரு நாள் நவநீதன் கூப்பிட்டு, அப்பா, சுகந்தியோட அப்பா தவறிட்டாருங்க என்றபோது நான் சரி என்று சொல்லிப் போனை வைத்தேன், ஈரோடு எனக்கு ஒரு மணி நேரம், போகவில்லை, அன்றைக்கு மதியம் நன்றாகத் தூங்கினேன் என்பதுகூட ஞாபகமிருக்கிறது. உங்கப்பா பேரென்ன சாமி என்று கேட்டேன், கேட்ட பிறகுதான் உறைத்தது, இவ்வளவு வருஷத்தில் அந்த மனிதரின் பேர்கூட எனக்குத் தெரியாது. அவள் என் விரலிடுக்குகளைத் தேய்த்துக்கொண்டே, நிமிராமல், ரங்கசாமிங்க, ஆனா வேலை செய்யற பக்கமெல்லாம் சின்னப் பசங்ககூட ரங்கான்னுதான் கூப்புடுவாங்க என்றாள். நானும் அப்படித்தான் கூப்பிட்டிருப்பேன், என்னைவிட மூத்தவராக இருந்தாலும் அப்படித்தான். என் கைமேல் தண்ணீர் விழுந்துகொண்டே இருந்தது, அதற்குள் குனிந்தபடி, சம்பந்தி என்று சொன்னேன், வாழ்நாளில் முதல் முறையாக. அவள் குழாயை மூடிவிட்டு நிமிர்ந்தாள், என்னங்க மாமா சொன்னீங்க என்று கேட்டாள். ஒண்ணுமில்ல சாமி, தண்ணி சில்லுனு இருக்குதுன்னேன் என்றேன்.