கலோலைனே சொன்ன குறைகள்

கிழக்கே பவளத் திட்டின்மேல் வெண்ணுரை சிதறி உடைந்துகொண்டிருந்தது. மேற்கே, தொலைவில், எரிமலைத் தீவின் முடி முகிலுக்குள் பாதி மறைந்து நின்றது. இவ்விரண்டுக்கும் நடுவே, கடலின்மீது யாரோ விரித்துப் போட்டுவிட்டு எடுக்க மறந்த பாயைப் போலத் தாழ்ந்து, தட்டையாய், பனை உயரங்கூட இல்லாமல் கிடந்தது மோத்துலெய்த் தீவு. ஓதம் வடிந்த கரையில் பன்றிகள் நண்டு தேடி மூக்கால் கிளறின. ஈரப்பலா மரங்களின் அகன்ற இலைகளிலிருந்து காலைப் பனி சொட்டிற்று. அத்தீவில் ஆறு இல்லை, ஓடை இல்லை, கிணறு தோண்டினால் உப்பு. வானம் தருவதே நீர்; அதைத் தேக்கி வைப்பதே வாழ்வு. ஆதலால் வீட்டுக்கு வீடு, தகரக் கூரையின் சரிவோரம், கரையேறி வந்து கண்ணயர்ந்த திமிங்கிலக் கன்றுகளைப் போல, சாம்பல் நிறத்தில் வட்டமாய் உருண்டு திரண்ட நீர்த்தொட்டிகள் நின்றன.

அத்தொட்டிகள் நாற்பத்து மூன்று. அவற்றுள் முப்பத்தொன்றைக் கட்டியவள் கலோலைனே என்னும் பெண்.

யாரும் அவளுக்குக் கற்றுக்கொடுக்கவில்லை. பதினெட்டு ஆண்டுகளுக்கு முன், மழை பொய்த்த ஓராண்டில், அவள் வீட்டுத் தொட்டி வெடித்தது. வருகிறேன் என்று சொன்ன கொத்தன் மூன்று திங்களாகியும் படகேறவில்லை. கணவன் தோமாசியோ நியூசிலாந்தின் பழத்தோட்டங்களில் ஆப்பிள் பறித்துக்கொண்டிருந்தான். உடைந்ததை முழுக்க உடைத்து, உள்ளே கம்பிவலை எப்படிச் சுற்றியிருக்கிறது, காரை எத்தனை அடுக்காய் ஏறியிருக்கிறது என்று விரலால் எண்ணிப் பார்த்து, அவளே எழுப்பினாள். மும்முறை ஒழுகிற்று, நான்காம் முறை நின்றது. பக்கத்து வீட்டார் அழைத்தனர். பிறகு பக்கத்து ஊரார் அழைத்தனர்.

இப்போது அரசு அத்தீவுக்கும் அருகிலுள்ள இரு சிறு தீவுகளுக்கும் பதினொரு பெருந்தொட்டிகள் கட்டித்தர முன்வந்திருந்தது. ஒரு விதி மட்டும் இருந்தது: தலைநகரிலுள்ள தொழிற்பயிற்சிப் பள்ளியின் சான்றிதழ் உடையவரே வேலைக்குத் தலைமை ஏற்கலாம், மற்றவர் மணல் சுமக்கலாம். கை ஏற்கெனவே அறிந்த தொழிலுக்கு வகுப்பில் அமர வேண்டியதில்லை, நாங்களே வந்து பார்த்து, உள்ள திறனுக்குச் சான்று தருவோம் என்று பள்ளி சொல்லி அனுப்பியிருந்தது. அச்செய்தி கேட்ட நாள்முதல் கலோலைனேயின் நெஞ்சில் ஓர் ஆசை, அடுப்புக்குழியில் சுடவைத்து மண்மூடிய கல்லைப் போல, வெளியே தெரியாமல் கனன்றுகொண்டிருந்தது. அந்தப் பதினொன்றையும் தன் கையால் எழுப்ப வேண்டும். தன் பெயர் அந்தத் தாளில் இருக்க வேண்டும். இதை அவள் ஒருவரிடமும் சொல்லவில்லை.

காலைப் படகில் தேர்வாளர் வந்திறங்கினார். லிசியாத்தே என்று பெயர். இம்மண்ணில் பிறந்து, ஆறு அகவையில் ஆக்லாந்துக்குப் போய், அங்கே கட்டடத் தொழில் கற்று, முப்பத்தைந்தாம் அகவையில் தலைநகர்ப் பள்ளிக்குத் திரும்பியவர். இம்மொழியின் சொற்கள் அனைத்தும் அவரிடம் இருந்தன. அவற்றின் எடை மட்டும் படகில் எங்கோ விடுபட்டுப் போயிருந்தது.

ஊர்ப் பள்ளியின் கூடத்தில் பாய் விரித்து, ஊரார் சுவரோரம் அமர்ந்திருக்க, கலோலைனே, அவைக்கு வருவோர் மரியாதைக்காக உடைமேல் சுற்றும் இடுப்புப் பாய்களுள் தன் நல்லதைக் கட்டிக்கொண்டு எதிரே வந்து உட்கார்ந்தாள்.

"தொட்டி கட்டுவீங்களாம்மா?"

"ஏதோ கொஞ்சம் சேறு பூசுவேன் ஐயா."

"தனியா நின்னு ஒரு தொட்டியை முழுசா முடிச்சிருக்கீங்களா?"

"நான் எங்க முடிச்சேன். ஊரே வந்து கை கொடுக்கும். நான் பக்கத்துல நிப்பேன்."

"வலை கட்டுறது, கலவை, பூச்சு... இதுல உங்களுக்கு எது நல்லா வரும்?"

"சொல்லிக்கிற மாதிரி எதுவும் இல்லீங்க. மட்டமான வேலைதான் நம்ம வேலை."

சுவரோரம் இருந்தவர்கள் பெருமிதத்தோடு தலையசைத்தார்கள். தன் வேலையைத் தானே தாழ்த்திச் சொல்வதும், அதை உயர்த்திச் சொல்லும் பொறுப்பைக் கேட்பவரிடம் விடுவதும் அம்மக்களின் வழக்கம். எவ்வளவு பெரிய வேலையோ அவ்வளவு தாழ்வாய்ச் சொல்ல வேண்டும். கலோலைனே சொன்னதை அவர்கள் காதில் கேட்டபடி எழுதினால், 'முப்பத்தொன்று கட்டினேன், ஒன்றும் விழவில்லை' என்றுதான் எழுத வேண்டும். லிசியாத்தே தம் காதில் கேட்டபடி எழுதினார். ஒளிவுமறைவில்லாத பெண் என்று உள்ளூர மெச்சிக்கொண்டே எழுதினார்: தொடக்கநிலை; அடிப்படையிலிருந்து ஓராண்டுப் பயிற்சி தேவை.

அவளை அடுத்து வந்தவன் அவள் கணவனின் தம்பி வைசெலே. நான்கு பருவம் நியூசிலாந்தில் வீடு கட்டும் வேலைக்குப் போய் வந்தவன். கேட்ட கேள்விக்கெல்லாம் 'தெரியும்', 'நல்லாவே தெரியும்', 'அதுல நான்தான் முதல்' என்று மூன்று விடைகளை மாற்றி மாற்றிச் சொன்னான். கால் மணி நேரத்தில் வெளியே வந்துவிட்டான்.

நண்பகலில் விருந்தினருக்கு உணவு படைத்தார்கள். தேங்காய்ப் பால் ஊற்றிய இறைச்சியைச் சேப்பங்கிழங்கின் இலையில் மடித்து, மண்ணடுப்பில் குழைய வேகவைத்த பொதியைக் கலோலைனே கொண்டுவந்து வைத்து, "சாப்பாடு நல்லா இல்லீங்க, பொறுத்துக்கணும்" என்றாள். விருந்தினர் எழுந்து அவ்வுணவைப் புகழ வேண்டிய இடம் அது. லிசியாத்தே கனிவாய்ச் சிரித்து, "பரவாயில்லைம்மா, பசிக்கு எது கிடைச்சாலும் சரிதான்" என்று சொல்லிப் பொதியைப் பிரித்தார். விசிறிக்கொண்டிருந்த பெண்களின் கைகள் நின்றன. ஒருத்தி விசிறியால் வாயை மூடிக்கொண்டு இருமினாள்.

மறுநாள் காலை பள்ளிக் கதவில் பட்டியல் ஒட்டப்பட்டது. தலைமைத் தகுதி: வைசெலே. கலோலைனேயின் பெயருக்கு எதிரே, ஓராண்டுப் பயிற்சி.

அவள் அதை இருமுறை படித்தாள். பின், அன்று செய்வதாய் ஒப்புக்கொண்டிருந்த வேலை நினைவுக்கு வர, வாளியையும் கொத்துக்கரண்டியையும் எடுத்துக்கொண்டு ஊரின் கிறித்தவக் கோயிலை நோக்கி நடந்தாள். கோயில் தொட்டியை வற்றவைத்திருந்தார்கள்; உள்ளே ஓர் இழை விரிசல் அடைக்க வேண்டியிருந்தது. மேல்வாய் வழியே இறங்கி, அரையிருட்டில், தான் பூசிய வளைசுவரின் நடுவே தனியாய் நின்றாள். நேற்றுச் சொல்லாமல் விட்ட சொல் நாவில் வந்து நின்றது. யாரும் இல்லாத இடம். சொல்லித்தான் பார்ப்போமே என்று தோன்றிற்று.

"எனக்குத் தெரியும்" என்றாள் மெதுவாக.

தெரியும், தெரியும், தெரியும் என்று தொட்டி முழங்கிற்று. மேல்வாயிலிருந்து புறாக்கள் சிறகடித்துப் பறந்தன. நாணிப் போய், இரு கைகளாலும் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"அண்ணி," என்று வெளியிலிருந்து ஒரு குரல் வந்தது. "உள்ள யாரு, தலைநகர்லேர்ந்து அமைச்சர் வந்திருக்காரா? பேச்சு பலமா இருக்கே."

வைசெலேதான். கலவை குழைத்துக் கொடுக்க வந்தவன் மணல் குவியலில் சாய்ந்துகொண்டிருந்தான்.

"வேலையைப் பாரு தம்பி."

"உங்க தொட்டிக்கு இருக்கிற வாய் உங்களுக்கு இல்லாமப் போச்சே."

"உனக்குத்தான் இருக்கே. அதான் தலைவராயிட்ட. போ, பதினொண்ணையும் கட்டு."

அவன் நிமிர்ந்து உட்கார்ந்தான். பிறகு, குரலில் கேலி இல்லாமல் சொன்னான். "எனக்குக் கல்லு அடுக்கத்தான் வரும் அண்ணி. வட்டமா எழுப்ப வராது. அந்த ஊர்ல முதல்ல தெரியும்னு சொல்லணும், அப்புறம் கத்துக்கணும். அப்படியே வாய் பழகிருச்சு. நான் கட்டி ஒழுகினா, மூணு தீவு ஆளுங்களும் என்னைத் தேடி வருவாங்க. நீங்களே அந்த ஐயாகிட்டப் போய்ச் சொல்லுங்களேன்."

"என் வாயால நானே சொல்லிக்கவா? அப்புறம் கோயில்ல எந்த மூஞ்சியோட உக்காருவேன்?"

வைசெலே எழுந்து மணலைத் தட்டிக்கொண்டு போனான். படகுத்துறையில் நண்பகல் படகுக்காகக் காத்திருந்த லிசியாத்தேயிடம் போய், வட்டத்தொட்டி ஒன்றுகூடத் தான் கட்டியதில்லை என்றும், இத்தீவில் அவர் இரு நாள்களாய்க் குடித்த தண்ணீரெல்லாம் அண்ணி கட்டிய தொட்டிகளில் நின்ற தண்ணீர் என்றும் சொன்னான். அவர் திகைத்து, அந்த அம்மாவே தமக்கு ஒன்றும் தெரியாது என்றாரே என்று கேட்க, அவன் தலையைச் சொறிந்தான்.

"அவங்களைப் பத்தி அவங்களையே புகழச் சொன்னா வராது ஐயா. செத்தாலும் வராது. அவங்க தொட்டியைத் திட்டச் சொல்லுங்க. அப்புறம் பாருங்க."

கலோலைனே தலையில் காரைத் துகளோடு தொட்டியை விட்டு வெளியே ஏறியபோது, கீழே தாளும் எழுதுகோலுமாய்த் தேர்வாளர் நின்றார். ஓராண்டு போதாது, ஈராண்டு என்று மாற்ற வந்திருக்கிறார் போலும் என்று அவள் எண்ணினாள்.

"இந்தத் தொட்டியில என்னம்மா குறை?" என்றார் அவர்.

தன் வேலையின் குறை! அதைச் சொல்வதற்கு எந்த வழக்கமும் குறுக்கே நிற்கவில்லை. அடைத்திருந்த குழாயில் மழையின் முதல் வேகம் பாய்ந்தாற்போலச் சொற்கள் வந்தன.

"ஒண்ணா ரெண்டா. இந்த வடக்குப் பக்கம் பாருங்க. வலை வெளிப்பூச்சுக்கு ரொம்பக் கிட்ட வந்திருச்சு. ஒரு விரல் கனமாவது உள்ள இருந்திருக்கணும். இன்னும் ஆறேழு வருசத்துல துரு வெளிய எட்டிப் பாக்கும். இங்க இடுப்பு மட்டத்துல ஒரு கோடு ஓடுது, தெரியுதா? அன்னிக்கு ஊர்ல ஒரு சாவு. பாதியில விட்டுட்டுப் போனேன். பூச்சுன்னா ஒரே நாள்ல முடியணும். மறுநாள் பூசினது பழசோட மனசார ஒட்டாது. உள்ள சிமிட்டிப் பால் தடவித்தான் மானத்தைக் காப்பாத்துனேன்."

"மணல்?"

"கடற்கரை மணல். மூணு பெருமழையில கழுவினாத்தான் உப்பு போகும். நான் ரெண்டோட அவசரப்பட்டேன். நாக்குல வச்சப்பவே லேசாக் கரிச்சுது, தெரிஞ்சும் போட்டேன். கலவை, மணல் மூணுக்குச் சிமிட்டி ஒண்ணு இருக்கணும். மேல வளையத்துக்குச் சிமிட்டி பத்தாம மூணரை ஆக்கிட்டேன். அதுவும் தப்பு."

"இந்த இழை விரிசல்?"

"அது ஞாயித்துக்கிழமை விரிசல் ஐயா. பூசின பிறகு ஏழு நாள் மேல போத்தின ஈரச் சாக்கு காயவே கூடாது. ஞாயிறு நாம வேலை தொடமாட்டோம். அதனால சனிக்கிழமை சாயங்காலமே ரெண்டு பங்கு நனைச்சு, மேல வாழையிலை போத்தணும். நான் போத்தலை. வெயில் வந்து அதோட வேலையைக் காட்டிருச்சு."

இப்படிச் சொல்லிக்கொண்டே அவள் விரல் முட்டியால் சுவரைத் தட்டித் தட்டி நடந்தாள். ஓரிடத்தில் நின்று, இங்கே பூச்சு உள்ளே பிடி விட்டிருக்கிறது, கேளுங்கள் என்றாள். லிசியாத்தே காதை வைத்தார். கேட்டது. பள்ளியில் மூன்று பாடங்களாய்த் தாம் நடத்தும் பொருள் ஒரு தட்டில் ஒலித்தது.

அவர் அவளை அடுத்த தொட்டிக்கு அழைத்துப் போனார். அங்கும் அவள் குறை சொன்னாள். அதற்கடுத்ததையும் விடவில்லை. கோழிகள் ஓட, வீட்டுக்காரர்கள் கதவோரம் வந்து நிற்க, தன் பதினெட்டாண்டு உழைப்பைத் தெருத்தெருவாய்த் திட்டிக்கொண்டே நடந்தாள் கலோலைனே. ஒவ்வொரு குறைக்கும் அவர் எழுதுகோல் அசைவதைக் கண்டபோது, பதினொரு தொட்டிகளும் ஒவ்வொன்றாய்த் தன் கையை விட்டு உருண்டு போவதாய் அவளுக்குத் தோன்றிற்று. ஆயினும் உள்ளதைச் சொல்வதில் ஓர் ஆறுதல் இருந்தது. நண்பகல் படகு சங்கு ஊதிவிட்டுப் போயிற்று. அவர் திரும்பிப் பார்க்கவில்லை.

கடைசியில் அவர் கேட்டார், இத்தனையும் எங்கே கற்றாள் என்று.

"எங்கயும் இல்லீங்க. ஒழுகுச்சு, அடைச்சேன்."

லிசியாத்தே தாளை மடித்தார். வலை, கலவை, பூச்சு, பதப்படுத்தல், பழுது காணல், பழுது நீக்கல் என்று அதிலிருந்த எல்லாக் கட்டங்களும் நிறைந்திருந்தன. கண்ணாலும் பார்க்க வேண்டும் என்பது பள்ளியின் முறை. ஆதலால் மறுநாள் முற்பகல் முழுவதும் கோயில் தொட்டிக்குள் அவளோடு இறங்கி, அவள் விரிசலை ஆப்புவடிவாய்ச் செதுக்கி, நனைத்து, காரை திணித்து, மழமழவென்று தேய்த்து முடிக்கும் வரை வாய் திறவாமல் நின்றார். ஒரே ஒரு முறை, கையை நீட்டி, "அக்கா, அந்தக் கரண்டியைக் கொஞ்சம் குடுங்க, நானும் ஒரு தேய் தேய்ச்சுப் பாக்கிறேன்" என்று கேட்டு வாங்கினார்.

இரு நாள் கழித்து, அடுத்த படகு வரும் முன், பள்ளிக் கூடத்தில் ஊர் கூடிற்று. பழைய பட்டியல் கிழிக்கப்பட்டது. புதியதில் வைசெலேக்குக் கல் அடுக்கும் தகுதி மட்டும் இருந்தது. அவன் அதைப் படித்துவிட்டுப் பெருமூச்சுவிட்ட ஒலி கடைசி வரிசை வரை கேட்டது. தலைமைத் தகுதிக்கு எதிரே இருந்த பெயர் கலோலைனே. தாள் அவள் கைக்கு வந்தபோது, அவள் அதை ஈரம் படாமல் இடுப்புப் பாயின் மடிப்பில் செருகிக்கொண்டு உணவு எடுக்கப் போனாள். அடுக்களைக்குள் போனதும் ஒருமுறை எடுத்துப் பார்த்தாள். மறுபடியும் பார்த்தாள்.

வெளியே வந்து, பொதியைப் பிரித்து வைத்து, "சாப்பாடு நல்லா இல்லீங்க, பொறுத்துக்கணும்" என்றாள்.

லிசியாத்தே எழுந்து நின்றார். யாரிடமோ இரவலாய் வாங்கிக் கட்டியிருந்த இடுப்புப் பாய் சரிய, அதை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, அந்த இலையையும், அதன் பாலையும், அதை வேகவைத்த கல்லையும், கல்லைச் சூடேற்றிய விறகையும், விறகு வெட்டியவனையும் புகழ்ந்தார். இடையில் தடுமாறினார். ஒரு சொல்லை இருமுறை சொன்னார். தேவைக்கு மேல் நெடுநேரம் பேசினார். விசிறிகள் எல்லாம் ஒருசேர அசைந்தன.

"நம்ம பேச்சு உங்களுக்கு நல்லா வந்திருச்சே ஐயா" என்றார் ஊர்ப் பள்ளியின் தலைமையாசிரியர்.

லிசியாத்தே தலையைத் தாழ்த்தினார். "எங்க வந்துச்சு. ஏதோ கொஞ்சம் உளறுவேன்."

கலோலைனே விசிறியை மடியில் வைத்தாள்.

"அப்ப ஓராண்டுப் பயிற்சின்னு எழுதிக்கவா?"

தகரக் கூரை அதிரச் சிரித்தார்கள். லிசியாத்தே அவர்கள் எல்லாரையும்விட நெடுநேரம் சிரித்தார்.

அன்று பிற்பகல், படகு தொடுவானில் புள்ளியாய்த் தேய்ந்தபின், மேற்கிலிருந்து மழை வந்தது. கூரைதோறும் ஓடி, குழாய்தோறும் இறங்கி, முப்பத்தொரு தொட்டிகளிலும் அது விழுந்த ஓசை முதலில் பறையாய் முழங்கிற்று. பின் நீர் ஏற ஏறத் தாழ்ந்து, தணிந்து, அடங்கிற்று. மழை விட்டதும் கலோலைனே வெளியே வந்து, தன் வீட்டுத் தொட்டியை முட்டியால் தட்டி, நீர் எங்கே நிற்கிறது என்று கேட்டாள். அத்தீவில் யாரும் தொட்டிக்குள் எட்டிப் பார்த்து அளவு அறிவதில்லை. படிப்போரே, தொட்டி தானாய் வாய் திறந்து தன் அளவைச் சொல்வதும் இல்லை. தட்டுகிறவரின் விரலிலும் காதிலும்தான் இருக்கிறது எல்லாம். நல்லவேளையாக, அந்தத் தேர்வாளர் தட்டக் கற்றுக்கொள்ளும் அளவுக்கு அத்தீவில் தங்கினார். ஒரு படகையும் தவறவிட்டார்.