மூங்கில் புதருக்குப் பின்னால்

லிஃப்ட் மெக்கானிக்குக்கு லீவு நாள் என்று ஒன்று முழுசாகக் கிடைத்ததே இல்லை. எந்தக் கட்டடத்தில் யார் நடுமாடியில் மாட்டிக்கொண்டாலும் போன் அவனுக்குத்தான் வரும். குளிர்காலம் போய்த் தாவரவியல் பூங்காவில் பூ விட்டிருக்கிறது என்று கேள்விப்பட்டதும், கூட வேலை செய்கிறவனிடம் கெஞ்சிக் கூத்தாடி ஒரு ஞாயிற்றுக்கிழமையை வாங்கினான். மகள் சிட்டுவைத் தோளில் தூக்கிக்கொண்டு மரம் மரமாகக் காட்ட வேண்டும். அவளுக்கு ஏழு வயது. இனி அதிக நாள் தூக்க முடியாது.

அந்த ஆசையில் மண்ணைப் போட்டான் மச்சினன். மனைவியின் தம்பி, கப்பலில் சமையல்காரன். நாலு வருஷம் கழித்து லீவில் வந்து இறங்கியிருந்தான். வந்த அன்றே சிட்டு அவனிடம் ஒட்டிக்கொண்டாள். மாமாதான் ஊட்ட வேண்டும், மாமாதான் தலை பின்ன வேண்டும். மாமா பின்னலுக்குப் பதில் கப்பல் கயிற்று முடிச்சைப் போட்டுவிட்டான். அதைப் பிரிப்பதற்குள் மனைவிக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது. எல்லாரும் சிரித்தார்கள். மெக்கானிக்கும் பல்லைக் காட்டினான்.

பூங்காவிலும் அதே கதைதான். கண்ணாடி வீட்டில் ஜாடி ஜாடியாகத் தொங்கிய செடியைக் காட்டி, "இது வீட்டுப்பாடம் தின்னும்" என்றான் மச்சினன். "கணக்கு நோட்டுன்னா இன்னும் இஷ்டம்."

சிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

"பூச்சியைத்தான் தின்னும். போர்டுல போட்டிருக்கு பாரு" என்றான் மெக்கானிக்.

"உங்களை யாருப்பா கேட்டா?" என்றாள் சிட்டு.

மனைவி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். சிரிப்பை மறைக்கத்தான் என்று அவனுக்குத் தெரிந்தது.

வெளியே வந்ததும் குனிந்து நின்றான். "தோள்ல ஏறிக்கிறியா?"

"வேண்டாம்பா, நடந்தே வரேன்."

கொஞ்ச தூரம் போய்த் திரும்பிப் பார்த்தான். மாமாவின் தோளில் உட்கார்ந்து, கிளையிலிருந்த வெள்ளைப் பூக்களை மாமாவின் தலையில் உதிர்த்துக்கொண்டிருந்தாள். அவனுக்கு வயிறு திகுதிகுவென்று எரிந்தது.

ரோஜாப் பாத்தி பக்கம் வந்ததும் மனைவி கால் வலிக்கிறது என்று செருப்பைக் கழற்றிவிட்டுப் பெஞ்சில் உட்கார்ந்தாள். மச்சினன் ஐஸ்கிரீம் வாங்கப் போனான். மெக்கானிக் மகளின் காதில் சொன்னான்: "வா, மாமா கண்ணுல படாம ஒளிஞ்சுக்கலாம்."

சிட்டுவின் கண் மின்னியது. இருவரும் குளத்தங்கரை வழியே ஓடினார்கள். காற்றில் அவளுடைய மஞ்சள் தொப்பி பறந்து தண்ணீரில் விழுந்தது.

"அப்பா, தொப்பி."

"அப்புறம் எடுத்துக்கலாம், ஓடு."

மூங்கில் புதருக்குப் பின்னால் ஒடுங்கி உட்கார்ந்தார்கள். அவன் சட்டையை இறுகப் பிடித்துக்கொண்டு அவன் கழுத்தருகே மூச்சை அடக்கிச் சிரித்தாள் சிட்டு. ஒரு வாரமாக அவன் ஏங்கியது இதற்குத்தான்.

"எலிக்குட்டி எந்த வளையில இருக்கு?" என்று பாட்டாகக் கூப்பிட்டுக்கொண்டு வந்தான் மச்சினன். கொஞ்ச நேரத்தில் பாட்டு போய் வெறும் பெயர் வந்தது. பிறகு கத்தல் வந்தது. மெக்கானிக்கின் பையில் போன் அதிர்ந்தது. மச்சினன்தான். பட்டனை அமுக்கி அடக்கினான்.

"போலாம்பா, மாமா பாவம்."

"இன்னும் கொஞ்ச நேரம்."

போன் மறுபடி அதிர்ந்தது. இந்தத் தடவை மனைவி. அதையும் அடக்கினான். கூப்பிடும் சத்தம் நின்றுபோயிற்று. சிட்டுவின் உதடு பிதுங்கியது. "மாமா நம்மள விட்டுட்டுப் போயிட்டாரா?" அப்போது குளத்தில் தொப்பென்று ஒரு சத்தம். யாரோ ஓடும் சத்தமும் கேட்டது.

மகளைத் தூக்கிக்கொண்டு அவன் ஓடி வந்தபோது மச்சினன் இடுப்பளவு தண்ணீரில் நின்று, ஒரு கையில் மஞ்சள் தொப்பியோடு, மறு கையால் அடிச்சேற்றைத் துழாவிக்கொண்டிருந்தான். கரையில் இரண்டு ஐஸ்கிரீம் உருகிக் கிடந்தது. மனைவி வெறுங்காலோடு, வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள்.

சிட்டுவைப் பார்த்ததும் மச்சினன் நின்ற இடத்திலேயே நின்றான். சேற்றுக் கையால் முகத்தைத் துடைத்தான். "சிட்டு ஜெயிச்சுட்டா" என்றான்.

காவலாளி ஓடி வந்து, குளத்தில் இறங்கியதற்குத் திட்டினான். மச்சினன் மன்னிப்புக் கேட்டுக்கொண்டே கரையேறினான்.

"போன் அடிச்சது கேக்கலையா?" என்றாள் மனைவி.

"சைலன்ட்ல இருந்துச்சு."

அவள் "ம்" என்றாள். செருப்பை எடுக்கப் பெஞ்சுப் பக்கம் நடந்தாள்.

பஸ்ஸில் சிட்டு மாமாவின் ஈர மடியில்தான் உட்கார்ந்தாள். சளி பிடிக்கும் என்றாலும் இறங்கவில்லை. மச்சினனுக்கு உடம்பு நடுங்கியது. மெக்கானிக் தன் கோட்டைக் கழற்றிக் கொடுத்தான். மச்சினன் அதை வாங்கிச் சிட்டுவுக்குப் போர்த்திவிட்டான். அவள் தூங்கிப்போனாள்.

முன்சீட்டிலிருந்த மனைவிக்குக் கேட்காமல் மெக்கானிக் சொன்னான்: "போன் அடிச்சது எனக்குத் தெரியும். நான்தான் எடுக்கல."

"தெரியும் மச்சான்." மச்சினன் குழந்தையின் முடியை ஒதுக்கினான். "வந்த நாள்லேர்ந்து பாத்துட்டுதான் இருக்கேன். நாளன்னிக்குக் கப்பல் ஏறிடுவேன்."

மெக்கானிக்குக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. "கால் மரத்துப் போயிருக்கும். நான் வாங்கிக்கவா?"

"இருக்கட்டும் மச்சான், முழிச்சுக்குவா."

மெக்கானிக் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். தப்பு முழுக்கத் தன்னுடையது என்று தெரிந்தும், நாளை மறுநாளை நினைத்ததும் மனசின் ஒரு மூலை குளிர்ந்தது. அந்த ஈர மடியைப் பார்த்தபோது வயிற்றெரிச்சல் மட்டும் அப்படியே இருந்தது.