அறுபதுக்கு ஐம்பத்தொன்பது

அந்த லிஃப்ட் மெக்கானிக்கை அவரோடு வேலை பார்ப்பவர்கள் மில்லிமீட்டர் என்றுதான் கூப்பிடுவார்கள். சும்மா வைத்த பேர் இல்லை. லிஃப்ட் வந்து நின்றதும் அதன் தரையும் மாடித் தரையும் ஒரே மட்டமா என்று குப்புறப் படுத்து, கன்னத்தைத் தரையில் ஒட்டிப் பார்க்கிற ஆள் வேறு யார் இருக்கிறார்கள்? ஒரு தாள் கனம் வித்தியாசம் இருந்தாலும் மறுபடி எல்லாவற்றையும் கழற்றுவார். கூடப் போனவனுக்கு அன்றைக்குச் சாப்பாடு நேரத்துக்குக் கிடைக்காது. அப்பேர்ப்பட்ட மனுஷர் தன் கையால் ஒரு கார் செய்தால் அது எப்படி இருக்கும்? தப்பே இல்லாமல் இருக்கும். அந்தத் தப்பே இல்லாததுதான் அன்றைக்கு அவர் கழுத்தை அறுத்தது.

காரைச் செய்தது பெருமைக்கு இல்லை, பெண்டாட்டிக்கு. அவளுக்கு இரண்டு சிறுநீரகமும் கைவிட்டுவிட்டன. வாரத்துக்கு மூன்று தடவை டயாலிசிஸுக்குப் போயாக வேண்டும். போகாவிட்டால் என்ன ஆகும் என்று டாக்டர் சுற்றி வளைக்காமல் சொல்லிவிட்டார். அதற்கு முன்பே முதுகில் கம்பி வைத்து, சக்கர நாற்காலியோடுதான் அவள் வாழ்க்கை. அதிலிருந்து தூக்கி டாக்ஸி சீட்டில் உட்கார வைத்தால் வலியில் துடித்துப்போவாள். நாற்காலியோடு ஏற்றுகிற வண்டி ஆஸ்பத்திரியில் ஒன்றே ஒன்று இருந்தது, அதற்குப் பேர் கொடுத்துவிட்டுக் காத்திருப்பவர்களை நிறுத்தினால் தெருவே கொள்ளாது. எதிர்வீட்டுத் துணிக்கடைக்காரர் புண்ணியத்தில் அவருடைய சரக்கு வேனில் பலகை போட்டு ஏற்றிப் போய்க்கொண்டிருந்தார்கள். அவரும் கடையைக் காலி செய்துகொண்டு வேறு ஊருக்குக் கிளம்பிவிட்டார். வருகிற திங்கட்கிழமை வேன் கிடையாது.

"போதுங்க, இந்த டயாலிசிஸை விட்டுடலாம்" என்று அவள் போன வருஷமே ஒரு தடவை சொன்னாள். மறுநாள் அவர் ஒரு பழைய வண்டியின் அடிச்சட்டத்தைக் கொண்டுவந்து வாசலில் இறக்கினார். பின்பக்கத் தரையைத் தாழ்த்தினார், நாற்காலி ஏறச் சரிவுப் பலகை வைத்தார், கதவு வரைக்கும் தானே வெல்டிங் செய்தார். மேடு பள்ளத்தில் அவள் முதுகைத் தூக்கிப் போடக் கூடாது என்று பின்சக்கரத்துக்கு மெத்தென்ற டயர், அதில் காற்றும் கொஞ்சம் குறைச்சல். அவளுடைய தம்பி பெயிண்டர், வாய் ஓயாதவன். அவன்தான் பெயிண்ட் அடித்தான். அக்காவுக்குப் பிடித்த நீலம் கிடைக்கும்வரை கடை கடையாக ஏறி இறங்கினான்.

கடைசியாக மீட்டர். பின்சக்கரத்துக்குப் பக்கத்தில் ஒரு சென்சார், சக்கரத்தின் போல்ட் தலைகள் கடக்கக் கடக்க அது எண்ணும். ஒரு கிலோமீட்டருக்கு எத்தனை எண்ணிக்கை என்று மீட்டருக்குச் சொல்லிக் கொடுத்துவிட்டால் போதும், வேகத்தை அது காட்டிவிடும். சொல்லிக் கொடுப்பதும் சுலபம்தான். ஒரு கிலோமீட்டர் தொடங்கும் இடத்தில் பொத்தானை அழுத்திவிட்டு ஓட்டிப் போய், முடியும் இடத்தில் மறுபடி அழுத்த வேண்டும். ஊர் உலகம் கிலோமீட்டர் கல்லை நம்பும். நம்ம ஆள் நம்புவாரா? கல்குவாரிக்குப் போகிற தனிச் சாலையை டேப் வைத்து அங்குலம் அங்குலமாக அளந்தார். டேப்பின் அந்தப் பக்க நுனியைப் பிடித்துக்கொண்டு தவழ்ந்த மச்சான், தன் முட்டி தேய்ந்ததில் தான் கொஞ்சம் குட்டையாகிவிட்டதாகவும், அதையும் மாமா அளந்து எழுதிக்கொள்ளலாம் என்றும் புலம்பினான்.

அதோடு விட்டாரா? அவளையும் நாற்காலியோடு பின்னால் ஏற்றிக்கொண்டுதான் மீட்டருக்குக் கணக்குக் காட்டினார். இது அவள் வண்டி, அவள் இல்லாமல் ஓடப்போவதில்லை, அவள் உட்கார்ந்திருக்கும்போது சரியாகக் காட்டினால்தான் அது சரி என்று வாதம். காட்டியது. நூல் பிடித்த மாதிரி காட்டியது. அன்றைக்கு அவர் முகத்தைப் பார்க்க வேண்டுமே, பிள்ளை பெற்ற மாதிரி ஒரு சந்தோஷம்.

வண்டியைத் தெருவில் ஓட்ட அனுமதி வேண்டுமே, அதற்கான பரிசோதனைக்கு ஆர்.டி.ஓ. ஆபீஸில் வெள்ளிக்கிழமை மதியம் வரச் சொல்லியிருந்தார்கள். இன்ஸ்பெக்டரம்மா சிடுசிடுப்பு இல்லாதவர். காரைச் சுற்றி வந்து, அடியில் எட்டிப் பார்த்து, வெல்டிங் நன்றாக இருக்கிறது என்று வாய் விட்டே சொன்னார். பிரேக், விளக்கு, கதவு, சரிவுப் பலகை, எல்லாம் தேறியது. கடைசியாக ஓட்டம். ஓட்டிப் பார்க்கும்போது வண்டியில் ஓட்டுகிறவரும் தானும் தவிர வேறு யாரும் இருக்கக் கூடாது என்றார். பெண்டாட்டியைச் சுவரோர நிழலில் இறக்கிவிட்டு, தம்பியைத் துணைக்கு நிறுத்தினார்கள்.

இன்ஸ்பெக்டரம்மா கையில் நிஜ வேகத்தைக் காட்டுகிற ஒரு சின்னக் கருவி. அது அறுபது காட்டியபோது கார் மீட்டர் ஐம்பத்தொன்பது காட்டியது. இன்னொரு சுற்று போனார்கள். அறுபதுக்கு ஐம்பத்தொன்பது.

அந்த அம்மா பெருமூச்சு விட்டார். மீட்டர் நிஜ வேகத்தைவிடக் கூடுதலாகக் கொஞ்சம் காட்டினால் சட்டம் கண்டுகொள்ளாது. ஒன்றே ஒன்று குறைத்துக் காட்டினாலும் பாஸ் போட முடியாது. இது மில்லிமீட்டருக்கும் தெரிந்த விதிதான். கூட்டவும் வேண்டாம், குறைக்கவும் வேண்டாம், நம்முடையது சரியாகவே இருக்கும் என்று மார்தட்டிக்கொண்டு வந்த மனுஷர் அவர். ஆபீஸ் மூடுவதற்குள் சரி செய்து காட்டினால் மறுபடி பார்ப்பதாகவும், இல்லையென்றால் அடுத்த தேதி மூன்று மாதம் கழித்துத்தான் என்றும் அந்த அம்மா சொன்னார்.

ஏன் என்பது அவருக்கு உடனே புரிந்துவிட்டது, அதுதான் கொடுமை. அவளும் அந்தக் கனத்த நாற்காலியும் இல்லாததால் மெத்தென்ற டயர் நிமிர்ந்துகொண்டது. சக்கரம் ஒரு சுற்றுக்குக் கொஞ்சம் கூடுதல் தூரம் போகிறது, எண்ணிக்கை குறைகிறது, மீட்டரும் குறைத்துக் காட்டுகிறது. பாவம், அந்த மீட்டர் அவள் பின்னால் உட்கார்ந்திருப்பதாகவே நினைத்துக்கொண்டிருந்தது.

குவாரிச் சாலைக்குத் திரும்பிப் போக நேரம் இல்லை. ஆபீஸ் முற்றத்திலேயே சக்கரத்தில் சாக்குக்கட்டியால் கோடு போட்டு, காரைத் தள்ளி உருட்டி, ஒரு சுற்றுக்கு எவ்வளவு என்று அளந்தார். தரை ஒரு பக்கம் சரிவு, மேலே ஜல்லி. முதல் தடவை ஒரு அளவு, அடுத்த தடவை வேறு அளவு, மூன்றாவது இரண்டுக்கும் ஒட்டாத அளவு. உருட்டினார், அளந்தார், அழித்தார், மறுபடி உருட்டினார். சட்டை முதுகோடு ஒட்டிப்போனது. ஆபீஸ் ஜன்னல்களை ஒவ்வொன்றாகச் சாத்துகிற சத்தம் கேட்டது.

மச்சானுக்குப் பொறுக்கவில்லை. மீட்டரில் பொத்தானைத் தட்டி அந்த எண்ணைக் கையாலேயே குறைக்கலாமே, குறைத்தால் வேகம் கூடக் காட்டுமே, கண்ணை மூடிக்கொண்டு நாலு தட்டுத் தட்டுங்களேன் என்று கெஞ்சினான். அவர் அவன்மேல் பாய்ந்தார். காலியாக ஓடும்போது சரியாக்கினால் அவள் ஏறினதும் தப்பாகிவிடும், அவள் ஏறும்போது சரியாக இருந்தால் இந்த அம்மா பாஸ் போடமாட்டாள், குத்துமதிப்பாக வேலை செய்ய இதென்ன சுவருக்கு வெள்ளையடிக்கிற வேலையா என்று கேட்டுவிட்டார். அவன் முகம் சுண்டிப்போனது. தள்ளிப் போய் நின்றான்.

அவர் மறுபடி சக்கரத்தின் பக்கத்தில் குப்புறப் படுத்தார். கோடு எங்கே இருக்கிறது என்று பார்த்தால் கண்ணில் தண்ணீர் நிறைந்து ஒன்றும் தெரியவில்லை. ஜல்லியில் நெற்றியை வைத்துக்கொண்டு, ஐம்பது வயது ஆள், குலுங்கிக் குலுங்கி அழுதார்.

நாற்காலி ஜல்லியில் நறநறவென்று வந்து பக்கத்தில் நின்றது.

"கூட்டிக் காட்டினா என்னங்க?" என்றாள் அவள்.

"அது பொய்ம்மா. நீ உக்காந்திருக்கும்போது அது பொய் காட்டும்."

"காட்டட்டும். நல்லா இருக்கேன், நல்லா இருக்கேன்னு தினமும் நான் உங்ககிட்டச் சொல்றேன்ல. அதை எவ்வளவு கூட்டிச் சொல்றேன்னு என்னைக்காவது அளந்து பாத்தீங்களா? அதை நம்பித்தானே இந்த வண்டியையே செஞ்சீங்க. அந்த மாதிரி இதுவும் கூட்டிச் சொல்லிட்டுப் போகட்டும். எந்திரிங்க."

அவர் நிமிர்ந்து பார்த்தார். அவள் முகத்தில் கோபமும் இல்லை, அழுகையும் இல்லை. எழுந்து போய் ஓட்டுகிற சீட்டில் உட்கார்ந்து, பொத்தானைத் தட்டி எண்ணைக் குறைத்தார். எவ்வளவு குறைத்தார் என்று அவரே எண்ணவில்லை. வாழ்க்கையில் முதல் தடவையாகக் குத்துமதிப்பாக ஒரு வேலை செய்தார்.

இன்ஸ்பெக்டரம்மா கைப்பையை மாட்டிக்கொண்டே வந்து ஏறினார். ஒரு சுற்று. அறுபதுக்கு அறுபத்திரண்டு. இது போதும் என்று சொல்லி, பானெட்டின் மேலேயே வைத்துக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டுப் போனார்.

மில்லிமீட்டர் முற்றத்தில் ஓடினார். வழியில் மச்சானின் தோளைப் பிடித்து அழுத்தினார், அதற்குமேல் மன்னிப்புக் கேட்க அவருக்குத் தெரியாது. அவனுக்கும் அது போதுமாக இருந்தது, சரிவுப் பலகையை இறக்கப் போய்விட்டான்.

"பாஸ் ஆயிடுச்சும்மா" என்றார் அவளிடம். மூச்சு வாங்கியது.

அவள் அவர் கையிலிருந்த காகிதத்தைப் பார்த்தாள்.

"அப்போ திங்கக்கிழமை போகணும்" என்றாள். பிறகு தம்பிக்குக் கேட்காத குரலில், "தேறலைன்னு அந்தம்மா சொன்னப்ப எனக்கு அப்பாடான்னு இருந்துச்சுங்க. இனிமே போக வேண்டாம்னு."

"அப்புறம் ஏன் வழி சொன்னே?"

"நீங்க தரையில கிடந்து அழுதீங்களே."

கையிலிருந்த காகிதத்தை என்ன செய்வது என்று தெரியாமல் அவர் நின்றார். அவள் நாற்காலியைத் தானே காரின் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

"ஏத்துங்க, போகலாம்" என்றாள்.