வெல்லத்துக்குள் ஒரு மாத்திரை

டங்! டங்! டங்!

தண்டவாளத் துண்டு விடாமல் அலறியது. அந்தமானில், லாங் ஐலண்டில் மரம் வெட்டும் கூப்பில் அதை இப்படி அடித்தால் ஒரே அர்த்தம்தான். யாருக்கோ ஆபத்து.

பன்னீர்செல்வம் தன் யானை சம்பாவின் கழுத்திலிருந்து சறுக்கி இறங்கி ஓடினான். கட்டை உருண்டு எவன் காலாவது போயிருக்கும் என்றுதான் நினைத்தான். மேட்டைத் தாண்டியதும் குடியிருப்புக் குழாயடியில் பெண்கள் வட்டமாக நிற்பது தெரிந்தது. நடுவில், கவிழ்ந்த குடத்துக்குப் பக்கத்தில், ஈரச் சேலையோடு கிடந்தவள் அவன் மனைவி அன்னம்மாள்.

தொட்டான். கொதித்தது.

"நாலு நாளாவே இப்படித்தான் அண்ணே. யார்கிட்டயும் சொல்லக் கூடாதுன்னுட்டாங்க" என்றாள் பக்கத்து வீட்டுச் சுசீலா, அழுகையை அடக்கிக்கொண்டு.

மலேரியா. வீட்டில் கொண்டுவந்து கிடத்தியதும் கம்பவுண்டர் அப்துல் குத்தூஸ் வந்து கண் இமையை விலக்கிப் பார்த்துவிட்டுக் கொயினா மாத்திரைகளைப் பொட்டலம் கட்டி நீட்டினார். அன்னம்மாள் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

"வேண்டாம் பாய். நான் மருந்து தொட மாட்டேன். பொருத்தனை."

அந்தப் பொருத்தனை பன்னீருக்குத் தெரியும். போன வருஷம் மழையில் கட்டை சரிந்து அவன் நெஞ்செலும்பு நொறுங்கியது. போர்ட் பிளேர் போகும் படகு மூன்று நாள் வரவில்லை. தகரக் கூரை போட்ட சின்ன ஜெபக்கூடத்தில் முட்டி போட்டு அன்னம்மாள் சொன்னாளாம்: 'ஆண்டவரே, இவர் உயிரை எனக்குத் தாரும். இனிமேல் என் உடம்புக்கு நீரே வைத்தியர். வேறு மருந்து தொட மாட்டேன்.' அவன் பிழைத்துவிட்டான். அன்றிலிருந்து தலைவலிக்குக்கூட அவள் ஒரு மாத்திரை போட்டதில்லை.

"ஏட்டி, செத்துப் போவ!"

"வாக்கை மாத்தினா உங்களுக்கு ஏதாவது ஆயிருமே. அதுக்கு நான் போறது மேல்."

குத்தூஸ் வாசலுக்கு வந்து குரலைத் தாழ்த்தினார். "அச்சா, கேட்டுக்கங்க பாகரே. மண்டைக்கு ஏறிச்சுன்னா கதை முடிஞ்சது. மூணு நாள் டைம். மாத்திரை குடுக்கத்தான் என்னால முடியும். வாயைத் திறக்க வைக்கிறது உங்க பாடு."

பொட்டலத்தை மடியில் சொருகிக்கொண்டு பன்னீர் யானைக் கொட்டடிக்குப் போய் உட்கார்ந்தான். ஜெபிக்க முயன்றான், வார்த்தை வரவில்லை. அவள் கேட்டதற்காக என் உயிரைத் தந்தவர், பதிலுக்கு அவள் உயிரையா கேட்பார்? அவர் அப்படிப்பட்டவரா? கேட்டுச் சொல்வதற்குப் பாதிரியாரும் இல்லை. அவர் போர்ட் பிளேரிலிருந்து வருஷத்துக்கு இரண்டு தடவைதான் வருவார்.

எதிரே சம்பா தும்பிக்கையை ஆட்டிக்கொண்டு நின்றது. யானைக்கு மருந்து கொடுப்பது லேசான வேலை இல்லை. கசப்பு பட்டால் உமிழ்ந்துவிடும். அப்புறம் அந்தக் கையை நம்பவே நம்பாது. அதனால் பாகன் முதலில் வெறும் வெல்லச் சோறாக இரண்டு உருண்டை கொடுப்பான். மூன்றாவதில் மருந்து. மென்று பார்ப்பதற்குள் நான்காவது உருண்டை வாய்க்குள் போய்விட வேண்டும்.

பன்னீர் சட்டென்று எழுந்தான். வெல்லம் எடுத்தான்.

வெளியே மழை. கூரையில் விழுந்த சத்தத்தில் வீடே தண்ணீரில் மிதப்பதுபோல் இருந்தது. அன்னம்மாள் பாதி மயக்கத்தில் கிடந்தாள்.

"என்னது?"

"வெல்லச் சோறுட்டி. வாயத் தொற."

பொய் சொல்லவில்லை. உண்மையும் சொல்லவில்லை. ஒன்று, இரண்டு, மூன்று. மூன்றாவது போனதும் அவள் புருவம் லேசாகச் சுருங்கியது. நான்காவதைத் திணித்தான். விழுங்கிவிட்டாள்.

காலை, மதியம், சாயங்காலம் என்று மூன்று நாளும் இதே வேலைதான். நடுவில் அவளுக்கு ஜன்னி கண்டது. கண்ணைத் திறந்தபடியே எங்கேயோ இருந்தாள்.

"கடல் உள்ள வந்திருச்சுங்க. பாயெல்லாம் மிதக்குது."

"வரட்டும்ட்டி."

"பச்சையா இருக்கு தண்ணி. அடியில மரமெல்லாம் நிக்கி. எலையில மீனு உக்காந்திருக்கு." அவள் சிரித்தாள். "சம்பா நீந்தி வருது பாருங்க. மேல யாரோ இருக்காக. வெள்ளையா… முகம் தெரியல."

"யாருட்டி அது?"

"பசிக்கான்னு கேக்காக."

சன்னல் வழியாக வந்த மழை வெளிச்சம் அவள் நெற்றியில் பச்சையாக அசைந்தது. ஒரு கணம் அவனுக்கே பாய் மிதப்பது போலத்தான் இருந்தது. அவள் தலையை மடியில் ஏந்தி ஈரத்துணியால் துடைத்தான். கால் பிடித்துவிட்டான். தெரிந்த ஒரே ஜெபத்தைத் திரும்பத் திரும்பச் சொன்னான். எங்கே ஜெபம் முடிந்தது, எங்கே துணி பிழிவது தொடங்கியது என்று அவனுக்கே பிரித்துச் சொல்லத் தெரியாது.

நாலாம் நாள் விடிந்தபோது அவள் உடம்பு வியர்த்துச் சில்லிட்டிருந்தது. "கஞ்சி இருக்கா?" என்றாள்.

செய்தி குடியிருப்பு முழுக்கப் பரவியது. மருந்தே தொடாமல் அன்னம்மாள் எழுந்துவிட்டாள்! ஞாயிற்றுக்கிழமை ஜெபக்கூடத்தில் சாட்சி சொல்ல வேண்டும் என்று ஆள்மேல் ஆள் வந்து கேட்டார்கள். அவள் தலையை மட்டும் ஆட்டினாள். ஒவ்வொருவரும் "அற்புதம், அற்புதம்" என்றபோது பன்னீர் வைக்கோல் அள்ளுகிற சாக்கில் வெளியே போய் நின்றான். சொன்னால் அவள் இனி அவன் கையால் ஒரு வாய்த் தண்ணீர் வாங்குவாளா?

சனிக்கிழமை மதியம் சுசீலா வந்தாள். தோளில் அவளுடைய மூன்று வயசுப் பெண், துவண்ட கீரைத்தண்டு மாதிரி.

"அக்கா, இவளுக்கும் அதே காய்ச்சல். கம்பவுண்டர் மாத்திரை குடுத்தாரு. நான் குடுக்கல. உங்க சாமி உங்களை மருந்தில்லாம எழுப்பினாருல்ல? எம் பிள்ளைக்கும் கை வச்சு ஜெபம் பண்ணுங்க. எனக்கு அது போதும்."

முந்தானை முடிச்சில் மாத்திரை அப்படியே இருந்தது.

பன்னீர் ஒரு எட்டு முன்னால் வந்தான். இதற்கு மேல் வாயைக் கட்டிக்கொண்டு இருந்தால் ஒரு குழந்தையின் உயிர் அவன் தலையில். அன்னம்மாள் வெறுத்தால் வெறுத்துவிட்டுப் போகட்டும்.

"அன்னம், ஒண்ணு சொல்லணும்…"

"பொறுங்க."

அவள் குழந்தையை வாங்கி மடியில் கிடத்தினாள். நெற்றியில் கை வைத்துக் கண்ணை மூடினாள். உதடு மட்டும் அசைந்தது. சுசீலாவும் கைகூப்பி நின்றாள். அவசரமே இல்லாத ஜெபம். முடிந்ததும் அன்னம்மாள் சுசீலாவின் முந்தானையைப் பிடித்து முடிச்சை அவிழ்த்தாள்.

"பாதியா, முழுசா?"

"பாதின்னாரு… எதுக்குக்கா?"

அன்னம்மாள் மாத்திரையைப் பாதியாக உடைத்தாள். பிறகு புருஷனை நிமிர்ந்து பார்த்தாள்.

"வெல்லம் மிச்சம் இருக்குதாங்க?"

பன்னீர் அவள் முகத்தில் கோபத்தைத் தேடினான். கிடைக்கவில்லை. தட்டுத் தடுமாறி வெல்லத்தை எடுத்து வந்தான். அவள் பொடித்து, சோற்றோடு பிசைந்து, இரண்டு வெறும் உருண்டை முதலில் ஊட்டினாள். அப்புறம் மூன்றாவது. கையோடு நான்காவது.

சுசீலாவுக்கு ஒன்றும் புரியவில்லை. "என்னக்கா இது? நீங்க மாத்திரையே தொடலைன்னுதானே ஊரே பேசுது?"

அன்னம்மாள் குழந்தையின் வாயைத் துடைத்துவிட்டுச் சொன்னாள்:

"மொத நாளே கசப்பு தெரிஞ்சுதுடி. ஆண்டவரே ஊட்டுதாருன்னு நெனச்சேன், பாத்தா அந்தக் கையில யானை வாசம் அடிச்சுது. அதைத் தட்டிவிட எனக்கு மனசு வரல."