கேட்காமல் எழுதிய தீர்ப்பு

குக்கர் விசில் அடித்துக்கொண்டிருந்தது. சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து கணவரின் சொற்பொழிவை எழுதிக்கொண்டிருந்தாள் வக்கீலம்மா. அக்கம்பக்கத்தார் இன்னும் அவளை அப்படித்தான் கூப்பிடுகிறார்கள். மகள் பிறந்தபோது அலமாரிக்குள் போன கறுப்புக் கோட்டு இன்னும் வெளியே வரவில்லை என்பது வேறு விஷயம். ஊரறிந்த வக்கீல் அவள் கணவர்தான். அவர் வாதாடும் வழக்குகளில் பாதிக்கு இவள்தான் இதே மேசையில் மனு எழுதித் தருகிறாள்.

அன்று மாலை வழக்கறிஞர் சங்கத்தில் அவர் பேச வேண்டியது நூறு வருஷத்துக்கு முந்தைய ஒரு நீதிபதியைப் பற்றி. சாதாரண மனுஷர் இல்லை. முதலாளியும் கூலிக்காரனும் சட்டத்தின் முன் ஒன்று என்று துணிந்து எழுதியவர். அதே கையால், வக்கீலாக அனுமதி கேட்டு வந்த ஒரு பெண்ணின் மனுவைத் தள்ளுபடியும் செய்தார். நீதிமன்றத்தின் கரடுமுரடான பேச்சைப் பெண்மனம் தாங்காது, அவளை அதிலிருந்து காப்பது சட்டத்தின் கடமை என்றாராம். படித்ததும் அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. தாங்குமா தாங்காதா என்று அந்தப் பெண்ணை யாராவது கேட்டார்களா என்று எழுதி உரையை முடித்தாள்.

மாலையில் கைதட்டல் ஓய வெகுநேரம் ஆயிற்று. ஏற்ற இறக்கத்தோடு கணவர் வாசித்ததைக் கேட்டு, எழுதியவளுக்கே புல்லரித்தது. இவ்வளவு நியாயம் தெரிந்தவர் தன்னைக் கைவிட மாட்டார் என்று நினைத்துக்கொண்டாள். மகள் பள்ளிக்கூடம் போக ஆரம்பித்துவிட்டாள். அவள் மறுபடி கோர்ட்டுக்குப் போக, மூத்த வக்கீலான சீனியர் மேடத்தின் அலுவலகத்தில் சொல்லி வைத்திருப்பதாகவும், இடம் காலியானதும் கூப்பிடுவார்கள் என்றும் கணவர் சொல்லியிருந்தார். அதை நம்பித்தான் மாதக்கணக்கில் காத்திருந்தாள்.

கூட்டம் முடிந்து எல்லோரும் டீ குடிக்கும்போது சீனியர் மேடமே அவளிடம் வந்தார்.

"உனக்குன்னு ஒரு இடம் வச்சிருந்தேன்மா. கோர்ட் பக்கமே வர இஷ்டமில்லன்னுட்டியாமே? உன் வீட்டுக்காரர் சொன்னாரு. எனக்குத்தான் மனசு கேக்கல."

அவளுக்குத் தூக்கிவாரிப்போட்டது. மாலையும் கழுத்துமாக நின்ற கணவரை மாடிப்படிப் பக்கம் அழைத்துப் போய்க் கேட்டாள். முதலில் மழுப்பிப் பார்த்தார். அவள் விடுவதாக இல்லை என்றதும் குரலைத் தாழ்த்தினார்.

"உன் நல்லதுக்குத்தான் சொன்னேன். கோர்ட்ல கண்டவன் கண்டபடி பேசுவான், உனக்குத் தாங்காது. வீட்டுல உனக்கு என்ன குறை?"

மனு எழுதினால் தாங்குமாம், வாதாடினால் தாங்காதாம். எதிரி செய்திருந்தால் சண்டை போட்டிருப்பாள். தினமும் முகம் பார்த்துப் பேசியவரே கழுத்தறுத்துவிட்டாரே என்று நினைத்தாள். இருந்தாலும் கேட்டாள்.

"கட்சிக்காரன் வக்காலத்து தராம ஒரு வாய்தாகூட கேக்க மாட்டீங்க. எனக்குப் பதிலா முடியாதுன்னு சொல்ல நான் எப்போ வக்காலத்து கொடுத்தேன்? அந்த நீதிபதியாவது அந்தப் பொண்ணோட மனுவை வாங்கிப் படிச்சாரு. நினைச்சதை ஊரறிய எழுதி வச்சாரு, இன்னைக்கும் எதிர்த்துப் பேச முடியுது. நீங்க எனக்குத் தெரியாமலே தீர்ப்பு எழுதிட்டீங்க. ஒரு பொண்ணுக்கு எது தாங்கும்னு அவளைக் கேக்காம முடிவு பண்றதுக்குப் பேரு பாசம் இல்லங்க, அநியாயம்."

அவர் என்னவோ சொல்ல வாயெடுத்தார். அவள் நிற்கவில்லை. கிளம்பிக்கொண்டிருந்த சீனியர் மேடத்தின் எதிரில் போய் நின்றாள்.

"இஷ்டமில்லன்னு நான் சொல்லல மேடம். என்னை யாரும் கேக்கவே இல்ல. நாளைக்கே வரேன்."